கொரியாவைக் காட்டுகிறவர்கள் முழுக் கொரியாவையும் காட்டட்டும்!

 

போன மாதம் தாலுகா ஆபீசில் நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நம்ம சுற்று வட்டாரத்துக் கிராமங்களில் இருந்து நாற்பது பேர் போயிருந்தோம். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க அளவுக் கல் நட வந்தவர்களை ஊர் மறித்தது, அதனால் கூட்டிய கூட்டம் அது. ஒரு மணி நேரம் வேப்ப மரத்தடியில் நிற்க வைத்தார்கள். உள்ளே போனதும் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "நாடு முன்னேற வேண்டாமா? தென் கொரியாவைப் பாருங்க. அறுபது வருஷத்துக்கு முன்னாடி நம்மள மாதிரி ஏழை நாடு. இன்னைக்கு கார் செய்றான், கப்பல் கட்டுறான், செல்போன் செய்றான். எப்படி? கவர்மெண்ட் சொன்னதை ஜனங்க கேட்டாங்க. நீங்களும் ஒத்துழைக்கணும்."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தார். ஒன்றரை ஏக்கர் கிணத்துப் பாசனம், அதில்தான் மூணு பிள்ளைகளைக் கரையேத்தினவர். "அய்யா, அந்த ஊருல கவர்மெண்டு ஜனங்க நெலத்தப் புடுங்குச்சா, குடுத்துச்சா?" என்று கேட்டார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். டீ வந்தது. பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

பாட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது நம்ம கடமை. பதில் இதுதான்: குடுத்துச்சு. முதலில் நிலத்தைக் குடுத்தது, அதற்கப்புறம்தான் கார் கம்பெனி வந்தது.

தென் கொரியா 1945 வரை ஜப்பான்காரன் ஆட்சியில் இருந்த நாடு. உழுகிறவனில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்கள். விளைச்சலில் பாதி மேல்வாரமாகப் போய்விடும். ஜப்பான்காரன் கையில் இருந்த நிலங்கள் 1948-ல் உழுதவர்களுக்கே விற்கப்பட்டன. 1949-ல் நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்தது, 1950-ல் அமலானது. ஒரு குடும்பத்துக்கு உச்சவரம்பு சுமார் ஏழரை ஏக்கர். அதற்கு மேல் இருந்ததையும், சொந்தக்காரன் உழாத நிலத்தையும் அரசாங்கம் எடுத்துக் குத்தகைக்காரனுக்குக் கொடுத்தது. விலை என்ன தெரியுமா? ஒரு வருஷ விளைச்சலில் ஒன்றரை மடங்கு. அதையும் 5 வருஷத் தவணையில் கட்டலாம். நிலச்சுவான்தாருக்குக் கையில் ரொக்கம் கொடுக்கவில்லை, பத்திரம் கொடுத்தார்கள். யுத்தம் வந்து விலைவாசி ஏறியதில் அந்தப் பத்திரத்தின் மதிப்பு கரைந்துபோனது.

தைவானிலும் இதே கதை. 1949-ல் குத்தகை, விளைச்சலில் 37.5 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டார்கள். 1953-ல் உழுபவனுக்கே நிலம். அங்கே நிலச்சுவான்தாருக்குக் கொடுத்த ஈட்டில் 70 சதவீதம் நெல், சக்கரைவள்ளிக் கிழங்கு விலையில் கணக்கிட்ட பத்திரம். மீதி 30 சதவீதம் அரசாங்கத்தின் சிமெண்ட், காகிதக் கம்பெனிகளின் பங்கு. அதாவது நிலத்தில் உட்கார்ந்து மேல்வாரம் தின்றவனை ஆலைப் பக்கம் தள்ளிவிட்டு, உழுதவனை நிலத்தில் உட்கார வைத்தார்கள். ஜப்பானில் 1946-ல் தொடங்கிய சீர்திருத்தத்தில், சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கை மாறியது.

இதை நல்ல மனசால் செய்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பயம்! வட கொரியாவில் 1946-லேயே நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். சீனாவில் விவசாயிகள் எழுந்து ஆட்சியையே கவிழ்த்துவிட்டார்கள். நிலம் கொடுக்காவிட்டால் நாமும் போக வேண்டியதுதான் என்று பயந்தே கொடுத்தார்கள். தைவானில் ஆட்சிக்கு வந்தவர்கள் சீனாவில் தோற்று ஓடி வந்தவர்கள். உள்ளூர் நிலச்சுவான்தார் அவர்களுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. அதனால் கை நடுங்கவில்லை. நம்ம ஊரில் 1961-ல் உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று சட்டம், 1970-ல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். சட்டம் போட்டவர்களில் பாதிப்பேர் வீட்டில் நெல் அளந்தவர்கள் நம்ம அப்பன் பாட்டன். பினாமி பேரிலும், சாமி பேரிலும், நாய்க்குட்டி பேரிலும் நிலம் எழுதின கதை உங்களுக்குத் தெரியாததா?

சரி, நிலம் கொடுத்ததால் என்ன ஆனது? மேல்வாரமாகப் போன பாதி நெல் வீட்டில் தங்கியது. பிள்ளை பள்ளிக்கூடம் போனது. உள்ளூர் ஆலையில் செய்த துணியையும், சைக்கிளையும் வாங்குவதற்குக் கிராமத்தில் கையில் காசு இருந்தது. அந்தக் காசின் மேல்தான் ஆலை நின்றது. கொரியாவில் 1960-களின் கடைசியில் அரசாங்கம் நெல் கொள்முதல் விலையை ஏற்றியது. கொஞ்ச நாளில் வாங்கின விலைக்கும் கீழே நகரத்தில் விற்று, அந்த நஷ்டத்தைத் தானே சுமந்தது. "சந்தை பார்த்துக்கொள்ளும்" என்று அந்த அரசாங்கம் சொல்லவில்லை.

கம்பெனிக்காரனை எப்படி நடத்தினார்கள்?

இதைத்தான் அதிகாரிகள் சொல்லவே மாட்டார்கள். 1961-ல் ராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்தார். பிடித்த கையோடு பெரிய பெரிய தொழிலதிபர்களைச் சட்டவிரோதமாகச் சொத்து சேர்த்ததாகக் கைது செய்தார். பிறகு, நான் சொல்கிற ஆலையைக் கட்டு என்று சொல்லி வெளியே விட்டார். வங்கிகளை அரசாங்கம் கையில் எடுத்துக்கொண்டது. கடன் வேண்டுமா, தருகிறேன். வட்டி குறைவாகவே தருகிறேன். ஆனால் இத்தனை டாலருக்கு ஏற்றுமதி செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கடன் நின்றுவிடும். 1968-ல் பொஹாங் இரும்பாலையை அரசாங்கமே தொடங்கியது. ஏழை நாட்டுக்கு எதுக்கு இரும்பாலை என்று உலக வங்கி கைவிரித்தது. ஜப்பான் தந்த இழப்பீட்டுப் பணத்தைப் போட்டுக் கட்டினார்கள். 1973-ல் இரும்பு வந்தது. 2000 வரை அது அரசாங்கத்தின் பிடியில்தான் இருந்தது.

ஹூண்டாய் கார் தெரியும் அல்லவா? 1967-ல் தொடங்கிய கம்பெனி. அது குழந்தையாக இருந்தபோது, 1980-களின் பிற்பகுதி வரைக்கும் வெளிநாட்டுக் கார் உள்ளே வராமல் அரசாங்கம் வேலி போட்டுக் காத்தது. அந்தக் குழந்தை வளர்ந்து 1996-ல் நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. நம்ம அரசாங்கம் நிலம் கொடுத்தது, வரியில் சலுகை கொடுத்தது. கம்பெனி ஓடுகிறது, பல பேருக்கு வேலை கொடுத்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் 2024 அக்டோபரில் அந்தக் கம்பெனியின் இந்தியப் பங்குகளைச் சந்தையில் விற்றபோது கிடைத்த 27,870 கோடி ரூபாய் அத்தனையும் கொரியாவில் இருக்கும் தாய்க் கம்பெனிக்குப் போனது. சட்டப்படி சரிதான். வளர்த்தவன் கேட்டு வாங்கிக்கொண்டான். நம்ம அரசாங்கம் நிலம் கொடுக்கும்போது எதைக் கேட்டது?

கொரியாவில் எல்லாம் தேனும் பாலும் என்று சொல்ல வரவில்லை. அது சர்வாதிகாரம். சங்கம் வைத்தால் சிறை. 1970 நவம்பரில் சியோல் நகரத்தில் ஜியோன் டே இல் என்ற 22 வயசுத் தையல் தொழிலாளி, இருக்கிற தொழிலாளர் சட்டத்தையாவது அமல்படுத்துங்கள் என்று கேட்டுத் தன் உடம்பில் தீ வைத்துக்கொண்டு செத்தார். 1972 ஆகஸ்டில் கம்பெனிகள் வெளியில் வாங்கியிருந்த கந்துக் கடனை எல்லாம் ஒரே உத்தரவில் முடக்கி, 3 வருஷம் கெடு, அப்புறம் 5 வருஷத் தவணை, மாதம் 1.35 சதவீத வட்டி என்று மாற்றினார்கள். கம்பெனிக்குக் கந்துவட்டியில் இருந்து விடுதலை! தைவானில் நெல்லைக் கொடுத்தால்தான் உரம் என்று வைத்து விவசாயியைப் பல வருஷம் கசக்கினார்கள். கம்பெனிகள் பெரிதானதும் கொரிய அரசாங்கமும் தன் விவசாயியைக் கைவிட்டது. வெளிநாட்டு மாட்டிறைச்சியும் அரிசியும் உள்ளே வந்தன. 2003 செப்டம்பர் 10-ந் தேதி மெக்சிகோவில் கான்கூன் நகரத்தில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடு நடந்தது. அதன் வாசலில் லீ கியுங் ஹே என்ற கொரிய விவசாயி, வேலி மேல் ஏறி நின்று கத்தியால் தன்னைக் குத்திக்கொண்டு உயிரை விட்டார். மாட்டுப் பண்ணையைக் கடனில் இழந்தவர் அவர். கழுத்தில் தொங்கிய அட்டையில் உலக வர்த்தக அமைப்பு விவசாயிகளைக் கொல்கிறது என்று எழுதியிருந்தது. அதிகாரி காட்டும் கொரியாவில் அவருடைய படம் இருக்காது.

நம்ம கதைக்கு வருவோம்

நம்மிடம் ரெண்டு வாயால் பேசுகிறார்கள். நெல்லுக்கு விலை கேட்டால், "சந்தைதான் விலையைத் தீர்மானிக்கும், அரசாங்கம் எல்லாவற்றிலும் தலையிட முடியுமா?" என்கிறார்கள். அதையே சட்டமாக்கி 2020-ல் மூணு வேளாண் சட்டம் கொண்டு வந்தார்கள். டெல்லி எல்லையில் ஒரு வருஷத்துக்கு மேல் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் கிடந்த பிறகே 2021 நவம்பரில் வாபஸ் வாங்கினார்கள். ஆனால் அதே அரசாங்கம் நிலம் என்று வந்தால் சந்தையை நம்புவதில்லை! கம்பெனிக்காரன் நேரே வந்து, "அய்யா, உங்க நிலத்தை என்ன விலைக்குத் தருவீங்க?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்கட்டுமே. பிடித்தால் கொடுப்போம், பிடிக்காவிட்டால் மோர் கொடுத்து அனுப்புவோம். அதுதானே சந்தை? நடுவில் தாசில்தாரும் போலீசும் எதுக்கு? நம்ம ஊர் நிலத் தரகர்கூட ரெண்டு பக்கமும் சம்மதம் கேட்பார். இந்தத் தரகருக்குக் கையில் லத்தி இருக்கிறது.

முதலாளித்துவம் தானாக வளர்ந்தது என்பது கட்டுக்கதை. அதன் தாய்நாடான இங்கிலாந்தில் 1604-க்கும் 1914-க்கும் நடுவில் நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களைப் போட்டு, ஊர்ப் பொது நிலமும் மேய்ச்சலுமாக 68 லட்சம் ஏக்கரை வேலி போட்டுத் தனியாருக்குக் கொடுத்தது. அங்கேயும் அரசாங்கம்தான் முதலில் போனது, ஆலை பின்னால் வந்தது. அதனால் அரசாங்கம் தலையிடலாமா கூடாதா என்று நம்மிடம் யாராவது வாதம் பண்ண வந்தால் மயங்காதீர்கள். யாருக்காகத் தலையிடுகிறது, வாங்கிக்கொண்டவனிடம் என்ன கேட்கிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு சாதாரண நெல்லுக்கு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். உற்பத்திச் செலவுக்கு மேல் பாதி சேர்த்துக் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். எந்தச் செலவு? விதை, உரம், கூலி, நம்ம வீட்டாள் உழைப்பு. சொந்த நிலத்துக்கு வாடகையும், போட்ட முதலுக்கு வட்டியும் அந்தக் கணக்கில் கிடையாது. சுவாமிநாதன் கமிஷன் 2006-ல் முடித்த அறிக்கையை வைத்து, நில வாடகையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக்கொண்டே வருகின்றன. நெல்லுக்கு விலை போடும்போது நம்ம நிலத்துக்கு மதிப்பு பூஜ்யம். கம்பெனிக்கு எடுக்கும்போது மட்டும் அது நாட்டு வளர்ச்சிக்கு இன்றியமையாத நிலம்! உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். நம்ம கணக்கை அவர்கள் போட்டால் உழக்கே இருக்காது.

கடனைப் பற்றிப் பேசினாலும் இதே கதை. 2021-ல் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனபோது, விவசாயிக்கு ஓசி கொடுத்தே நாடு கெட்டது என்று டவுனில் எத்தனை பேர் பேசினார்கள்! 2014-15 முதல் 2022-23 வரை 9 வருஷத்தில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வராக்கடன் 14.56 லட்சம் கோடி, அதில் 7.40 லட்சம் கோடி பெருந்தொழில், சேவைக் கம்பெனிகளுடையது என்று அரசாங்கமே 2023-ல் நாடாளுமன்றத்தில் சொன்னது. அது தள்ளுபடி இல்லை, வசூல் நடக்கும் என்று விளக்கம் சொல்வார்கள். வசூலானது சுமார் 2 லட்சம் கோடி. நமக்கும் அந்த மாதிரி "தள்ளுபடி இல்லாத நீக்கம்" ஒரு தடவை செய்து பார்க்கட்டும். 2019 செப்டம்பரில் கம்பெனி வருமான வரியை 30-ல் இருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள், புதிய ஆலைக்கு 15. இத்தனை ஆலை கட்டணும், இத்தனை பேருக்கு வேலை தரணும் என்று பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டார்களா? பார்க் சுங் ஹீ மாதிரி சர்வாதிகாரம் வேண்டாம், சாமி. கடன் கொடுத்தவன் கேட்கிற சாதாரணக் கேள்வியைக் கேட்டால் போதும்.

நிபந்தனை போடாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஸ்ரீபெரும்புதூரே சாட்சி. நோக்கியா 2006-ல் அங்கே செல்போன் செய்ய ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ்சில் ஏறிப் போனார்கள். வரித் தகராறு, கம்பெனி கை மாறியது, 2014 நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. பிறகு 2020 வாக்கில்தான் வேறொரு கம்பெனி அந்த இடத்துக்கு வந்தது. இடையில் ஐந்தாறு வருஷம் அந்த மண்ணில் போனும் இல்லை, நெல்லும் இல்லை. பொருளாதார மண்டலங்களுக்கென்று நாடு முழுக்க அறிவித்த 45,635 ஹெக்டேரில் வேலை தொடங்கியது 28,488 ஹெக்டேரில்தான் என்று மத்திய தணிக்கை அதிகாரி 2014-ல் எழுதினார். மீதி நிலம்? வேலிக்காத்தானுக்கு நல்ல விளைச்சல்.

சட்டம் இல்லாமலா என்று கேட்பீர்கள். 1894-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தைத்தான் 120 வருஷம் வைத்துக்கொண்டிருந்தார்கள். மேற்கு வங்கத்தில் 2007 மார்ச் 14-ல் நந்திகிராமத்தில் 14 பேர் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். சிங்கூரில் கார் ஆலைக்கு எடுத்த 997 ஏக்கரை 2016-ல் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. அந்த ரத்தத்தில்தான் 2013 சட்டம் பிறந்தது. தனியாருக்கு எடுத்தால் 80 சதவீதம் பேர் சம்மதம், அரசும் தனியாரும் சேர்ந்தால் 70. ஊருக்கு என்ன பாதிப்பு என்று முன்கூட்டியே ஆய்வு. குத்தகைக்காரனுக்கும் கூலி ஆளுக்கும் மறுவாழ்வு. இதெல்லாம் எழுத்தில் வந்தது.

ஆனால் தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? தொழிலுக்கு நிலம் எடுக்கும் 1997 சட்டத்தையும், 2001 நெடுஞ்சாலைச் சட்டத்தையும் இந்த 2013 சட்டத்துக்கு வெளியே நிறுத்தத் திருத்தம் போட்டது. ஈட்டுத்தொகை மட்டும் புதுச் சட்டப்படி, சம்மதமும் ஆய்வும் கிடையாது! 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே அதே வருஷம் இன்னொரு சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. 2023-ல், 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு நீர்நிலையோடு சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க இன்னொரு சட்டம். கட்சி மாறியது, வழி மாறவில்லை. அதே 2023 நவம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில், சிப்காட்டுக்கு மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுப்பதை எதிர்த்து நூறு நாளுக்கு மேல் உட்கார்ந்திருந்த விவசாயிகளில் 7 பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடே கேட்ட பிறகு 6 பேர் மீது போட்டதைச் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். கடலை பிடுங்குகிறவன் குண்டர்!

2013 சட்டத்தில்கூட ஒரு சொல்லைக் கவனியுங்கள். எடுத்த நிலத்தை 5 வருஷம் பயன்படுத்தாவிட்டால் பழைய சொந்தக்காரருக்கோ வாரிசுக்கோ திருப்பித் தர வேண்டும், "அல்லது" அரசின் நில வங்கியில் சேர்க்க வேண்டும். அந்த "அல்லது"தான் வினை.

தொழிற்சாலையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம்ம பிள்ளைகளும் ஐடிஐ படித்துவிட்டு வேலைக்கு அலைகிறார்கள். நாம் கேட்பது, கொரிய அரசாங்கம் தன் கம்பெனிகளிடம் கேட்டதில் கால்வாசி. முப்போகம் விளையும் நிலத்தைத் தொடாதே. முன்னால் எடுத்துச் சும்மா போட்டிருக்கும் நிலத்தின் கணக்கை ஊர் முன்னால் வை. ஊர் சம்மதம் இல்லாமல் கல் நடாதே. பட்டா இல்லாத குத்தகைக்காரனையும், களை எடுக்கிற பெண்ணையும் பாதிக்கப்பட்டவராக எழுது. எத்தனை பேருக்கு எந்தத் தேதிக்குள் நிரந்தர வேலை என்று ஒப்பந்தத்தில் போடு, தவறினால் சலுகையைத் திரும்ப வாங்கு. ஐந்து வருஷத்தில் ஆலை வராவிட்டால் நிலம் உழுதவனுக்கே, அங்கே "அல்லது" கிடையாது.

இதைத் தாலுகா ஆபீசில் வாயால் சொன்னோம். இனி எழுத்தில் சொல்ல வேண்டும். வருகிற கிராம சபையில் ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் போட வேண்டும். தீர்மானத்தால் மட்டும் நிலம் நிற்காது என்பது தெரிந்ததுதான். ஆனால் நாளைக்கு வழக்கு என்று போனால் பேசுகிற காகிதம் அதுதான். தலைவர் நோட்டில் ஏற்ற மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள், எழுந்தும் போகாதீர்கள். நோட்டீசு வந்தவர்கள் அதில் போட்டிருக்கும் கெடு முடிவதற்குள் ஆட்சேபணையைத் தனித்தனி மனுவாகக் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரை போட்டு வாங்குங்கள். குத்தகைக்கு உழுகிறவர்கள் 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏற்ற மனுக் கொடுங்கள். இதுவரை கொடுக்காதவர்கள்தான் அதிகம். தாத்தா பேரில் கிடக்கும் பட்டாவை மாற்றாதவர்களும், பேரில் எழுத்துப் பிழை இருப்பவர்களும் இப்போதே சரி செய்யுங்கள். ஈட்டுத்தொகையை வருஷக்கணக்கில் இழுத்தடிக்க அந்த ஒரு எழுத்து போதும்.

கிராம சபைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் திடலில் மனு எழுதுகிறோம். பட்டா, சிட்டா, அடங்கல் நகலும், நோட்டீசு வந்திருந்தால் அதுவும் கொண்டு வாங்க. ஜெராக்ஸ் செலவு சங்கத்துடையது. வீட்டில் பெண்கள் பேரில் நிலம் இருந்தால் அவர்களே நேரில் வர வேண்டும். தாலுகா ஆபீசில் கேள்வி கேட்ட பாட்டிதான் முதல் மனுவில் கைநாட்டு வைக்கிறார்.